பீட்ரூட் நிறக் குடலைத் தேடி ஊரப்பாக்கம் போனேன்

என்னை ஈப்போவிலிருந்து சென்னைக்கு விமானம் ஏற்றி அனுப்பியது ஒரு பீட்ரூட் நிறம். மலேசியாவில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் திசுக்களுக்குச் சாயம் போடுகிறவள் நான். உடம்பிலிருந்து வெட்டி எடுத்த துண்டை மெழுகில் பதித்து, மெலிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, உட்கரு நீலமாகவும் மற்றதெல்லாம் ரோஜா நிறமாகவும் தெரிகிற மாதிரி சாயம் ஏற்றிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் டாக்டர் புற்று உண்டா இல்லையா என்று சொல்வார். இருபத்தெட்டு வருஷமாக இதுதான் வேலை. வாயும் அதே இருபத்தெட்டு வருஷமாகக் கொஞ்சம் நீளம்.

எங்கள் டாக்டர் லிம் போன வருஷம் ஒரு புதுச் சங்கதியைப் பிடித்துக்கொண்டார். சீவவும் வேண்டாம், சாயமும் வேண்டாம். தடிமனான திசுத் துண்டை ஒரு மைக்ராஸ்கோப் அடுக்கடுக்காகப் படம் எடுத்துவிடும். அந்தச் சாம்பல் நிறப் படத்துக்குக் கம்ப்யூட்டரே மேலிருந்து அடிவரை சாயம் போட்டுக் கொடுத்துவிடும். நான் கொடுக்கும் ஸ்லைடு வாழைக்காய் சிப்ஸ் என்றால் இது முழு வாழைக்காய். இதைச் செய்கிறவர்கள் சென்னைக்குத் தெற்கே ஊரப்பாக்கத்தில் மூன்றே பேர். மாதிரிப் படங்கள் அனுப்பினார்கள். இரைப்பை அச்சு அசலாக இருந்தது. குடல் மட்டும் பீட்ரூட்டோடு சேர்த்து வேகவைத்த மாதிரி வந்திருந்தது. நீலமாக இருக்க வேண்டிய உட்கரு அத்தனையும் சிவப்பு.

“நீயே போய்ப் பார். வாங்கலாமா வேண்டாமா என்று கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டோடு சனிக்கிழமை வா” என்றார் டாக்டர் லிம். அவர் பேசுவது பாதி ஆங்கிலம், பாதி மலாய். தமிழில் சொல்லும்போது கொஞ்சம் மரியாதை கூடிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மேற்குத் தாம்பரத்தில் ஒரு லாட்ஜில் இறங்கிக் குளிக்கப் போனால், சோப்பு நுரைக்க மாட்டேன் என்கிறது. தேய்த்துத் தேய்த்துக் கைதான் வலித்தது. ஈரத் தலையோடு கீழே இறங்கி, கவுண்டரில் இருந்தவரிடம் சோப்பு டூப்ளிகேட் என்று சண்டைக்கு நின்றேன். அவர் அசரவில்லை. “சோப்பு நல்ல சோப்புதாம்மா. போர் தண்ணி, உப்பு. குளிக்க, துவைக்க அது. குடிக்க, சமைக்க கேன் தண்ணி. இந்தப் பக்கம் எல்லா வூட்டுலயும் இப்படித்தான்” என்றார். வாசலில் இருபது லிட்டர் நீலக் கேன்கள் வரிசையாக நின்றன. எங்கள் ஊரில் எல்லாத்துக்கும் ஒரே குழாய்தான். தண்ணீரில் ஜாதி பிரிப்பதை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

எதிரே இருந்த ஹோட்டலில் “பசியாற என்ன இருக்கு?” என்று கேட்டேன். சர்வர் ஒரு நிமிஷம் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, “டிபனா? இட்லி, பொங்கல், செட் தோசை வடகறி” என்றார். மூன்றையும் சொன்னேன். வடகறி என்பது உடைந்த வடையைக் குழம்பில் போட்டுக் கெடுத்தது என்றுதான் நினைத்திருந்தேன். நினைத்ததற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இரண்டாவது கிண்ணம் வாங்கினேன். ஈப்போக்காரிக்குக் கோப்பியில் கர்வம் உண்டு. இங்கே டபராவை முகத்துக்கு அருகே கொண்டுபோனதும் அந்தக் கர்வம் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

திங்கட்கிழமை ஊரப்பாக்கம். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு வீட்டின் மாடி. கீழே டியூஷன் சென்டர், மேலே இவர்கள். கீழே பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்க, மேலே உலகத்தின் புதிய மருத்துவக் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. நடத்துகிறவர் ஜெபராஜ், நாற்பது வயதுக்குள் இருப்பார். மூன்று வருஷம் முன்னால் பெரிய ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இதில் குதித்தவர். புரோகிராம் எழுதுவது திவ்யா என்கிற பெண். திசுவைச் சீவிச் சாயம் போடுகிறவர் கஸ்தூரி. படப்பையிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிறார், நாற்பத்தைந்து இருக்கும். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றவர், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. என்னடா இது, நம்மைப் பார்த்து இப்படிப் பயப்படுகிறாரே என்று எனக்கே சங்கடமாக இருந்தது.

ஜெபராஜ் சுற்றி வளைக்கவில்லை. “மேடம், ஓப்பனா சொல்லிடறேன். உங்க ஹாஸ்பிடல்தான் எங்களுக்கு முதல் கஸ்டமர். நீங்க வேண்டாம்னு சொல்லிட்டா, மாசக் கடைசியில மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்துட்டு போர்டைக் கழட்ட வேண்டியதுதான்.”

“உண்மையைத்தான் எழுதுவேன்” என்றேன்.

“அதுக்குத்தான் உங்களையே அனுப்பச் சொன்னோம்” என்றார். நல்ல மனிதர், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

மெஷினுக்குப் பாடம் நடத்தும் விதம் சுலபம்தான். ஒரு திசுவைச் சாயம் போடாமல் படம் எடுக்கிறார்கள். அதே திசுவுக்குக் கஸ்தூரி சாயம் போட்டதும் மறுபடி படம் எடுக்கிறார்கள். முன், பின் என்று இப்படி ஜோடி ஜோடியாகக் காட்டினால், அடுத்த தடவை முன்னைப் பார்த்துப் பின்னை அதுவே வரைந்துவிடுகிறது. பிறகு தடிமனான துண்டின் அடுக்குகளைக் கொடுத்தால் ஒவ்வொரு அடுக்குக்கும் சாயம் பூசிவிடும். திவ்யா மவுஸை உருட்ட உருட்ட, ஒரு குடல் துண்டுக்குள் மேலிருந்து அடிவரை இறங்கிப் போனோம். நிறத்தைத் தவிர எல்லாமே அழகு. இரண்டு மாசமாகப் புரோகிராமை வரி வரியாகத் தேடியும் தப்பு அகப்படவில்லை என்றாள். சொல்லும்போதே அழுதுவிடுவாள் போலிருந்தது.

செவ்வாய்க்கிழமை நான் பொத்தேரிக்குப் போனேன். போக வேண்டிய வேலை எதுவும் இல்லை, ரயில் கொண்டுபோய்விட்டது. பெண்கள் பெட்டியில் கொய்யாப்பழம் விற்கும் அம்மாவிடம், மிளகாய்ப்பொடியைத் தனியாகப் பொட்டலம் கட்டித் தரக் கூடாதா என்று நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். அவர், “தனியா தந்தா நீ கொட்டிக்குவே, அப்புறம் என்னைத் திட்டுவே” என்று பதில் நியாயம் பேசினார். பேச்சு முடிவதற்குள் ஊரப்பாக்கமும் கூடுவாஞ்சேரியும் கழன்றுபோயிருந்தன. பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் மொத்தமாக இறங்க, நான் விரும்பாமலேயே அவர்களோடு இறங்கியிருந்தேன்.

வெளியே ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே ஆறு பேர். “இன்னாம்மா, எங்க போவணும்?” என்றார் டிரைவர். ஊரப்பாக்கம் என்றேன். “குந்து. எடம் கீது.” எங்கே இருக்கிறது என்று நான் தேடுவதற்குள், பக்கத்தில் இருந்த பெண் தன் லேப்டாப் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அரை ஜாண் ஒதுங்கினாள். அந்த அரை ஜாணில் நான் உட்கார்ந்தேன் என்பதை என் வீட்டுக்காரர் நம்பவே மாட்டார். எங்கள் ஊர் டாக்சியில் இப்படி ஏற்றினால் போலீஸ் வரும். இங்கே வழியில் ஒரு போலீஸ்காரரே கைகாட்டி ஏறிக்கொண்டார்.

தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால் அன்று உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை. ஜோடிப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மெஷின் வரைந்த குடல் மட்டுமல்ல, கஸ்தூரி சாயம் போட்ட நிஜக் குடலுமே சிவப்பாகத்தான் இருந்தது. அப்படியானால் மெஷின் தன்பாட்டுக்கு உளறவில்லை, காட்டியதைத்தான் வரைந்திருக்கிறது. இரைப்பை முதலில் செய்ததாம், குடல் பிறகு. நடுவில் ஏதோ மாறியிருக்கிறது என்று மட்டும் புரிந்தது. கஸ்தூரியிடம் கேட்டால், அதே மருந்து, அதே கம்பெனி, அதே நேரம் என்கிறார்.

புதன்கிழமை, “பேசாம நீங்க வேலை செய்யுங்க, நான் ஓரமா நின்னு பார்க்கிறேன்” என்று சாயம் போடும் அறையில் போய் நின்றேன். பேசாமல் நிற்பது எனக்குக் கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் நின்றேன். கஸ்தூரியின் கை அவ்வளவு சுத்தம். முதல் சாயத்திலிருந்து ஸ்லைடை எடுத்து, மூலையில் ஸ்டாண்டில் கவிழ்த்திருந்த நீலக் கேனிலிருந்து ஒரு தொட்டியில் தண்ணீர் பிடித்து அதில் முக்கினார்.

“அது குடிக்கிற தண்ணிதானே?” என்றேன்.

“ஆமா மேடம். ஸ்லைடுக்குன்னே தனியா ஒரு கேன் போடச் சொல்லிருக்கேன். நாங்க குடிக்கிறது வெளியில கீது.”

எனக்கு அங்கேயே பொறி தட்டியது. முதல் சாயம் திசுவில் ஏறும்போது உட்கரு சிவப்பாகத்தான் இருக்கும். உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீரில் கழுவினால்தான் அது நீலமாகும். கேன் தண்ணீரில்தான் உப்பையெல்லாம் வடிகட்டி எடுத்துவிடுகிறார்களே, நீலம் எங்கிருந்து வரும். இது எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். ஆனால் ஈப்போவில் நாங்கள் நீலமாக்குவதற்கென்று பாட்டிலில் வரும் கரைசலை ஊற்றுகிறோம். தண்ணீரின் குணத்தைப் பற்றி யோசித்தே பல வருஷமாகிவிட்டது. லாட்ஜில் சோப்புக்குச் சண்டை போட்டவளுக்கு, அந்தத் தண்ணீரால் என்ன பயன் என்று மட்டும் தோன்றவில்லை.

இரண்டு ஸ்லைடு எடுத்தோம். ஒன்றைக் கேன் தண்ணீரில் வைத்தோம், இன்னொன்றைக் குழாயைத் திறந்து போர் தண்ணீரில். ஐந்து நிமிஷத்தில் குழாய் ஸ்லைடு நீலமாகிவிட்டது. கேன் ஸ்லைடு பீட்ரூட்டாகவே கிடந்தது. கஸ்தூரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“முன்னாடி எல்லாம் குழாயிலதான் கழுவிகினு இருந்தேன் மேடம்” என்றார் மெதுவாக.

“அப்புறம் ஏன் மாத்தினீங்க? யார் மாத்தச் சொன்னது?” என் குரல் வழக்கம்போல ஏறியிருக்கும்.

அவர் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்து ஒரு மெயிலைத் திறந்து என்னிடம் நீட்டினார். என் பெயரில் இருந்தது. படங்களுக்கு முன்னால் இவர்கள் அனுப்பிய இரைப்பை ஸ்லைடு பெட்டியின் மேல் ஒட்டியிருந்த முகவரிக்கு நான் எழுதியது. அனுப்பியது தமிழ் ஆள் என்று தெரிந்ததும் தமிழிலேயே எழுதியிருந்தேன். தமிழில் திட்டினால்தான் எனக்குத் திட்டின மாதிரி இருக்கும். “உப்புப் பூத்த கண்ணாடியை வைத்துப் பாடம் நடத்தினால் மெஷின் கருவாடு போடத்தான் கற்றுக்கொள்ளும். இவ்வளவு முக்கியமான வேலைக்கு இவ்வளவு மட்டமான தண்ணீரா? இனி ஒரு புள்ளி உப்பைப் பார்த்தேன் என்றால் பெட்டியோடு குப்பையில் போடுவேன்.” எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது. மாசத்துக்கு இப்படி நாலு பேருக்கு எழுதுகிறவள், எதை என்று ஞாபகம் வைத்திருப்பேன்.

“முக்கியமான வேலைன்னு சொல்லிட்டீங்களேன்னுதான் நல்ல தண்ணியே வாங்கிப் போட்டேன்” என்றார் கஸ்தூரி. குற்றம் சொல்கிற குரலே இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

கதவைத் திறந்துகொண்டு ஜெபராஜ் வந்தார். நீல ஸ்லைடையும் சிவப்பு ஸ்லைடையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. “தண்ணியை எப்பக்கா மாத்தினீங்க? ஏன் எங்ககிட்ட சொல்லல?” என்றார். கஸ்தூரி போனை இடுப்பில் செருகிக்கொண்டு, “நான்தான் சார் மாத்தினேன். நல்லதாச்சேன்னு நினைச்சேன்” என்றார். மெயிலைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. எனக்கு அப்போது பேச வாய் வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை முழுவதும் பேய் மாதிரி வேலை செய்தோம். முந்தின நாளே சிவந்துபோன குடல் ஸ்லைடுகளின் மேல்கண்ணாடி கழன்றுவர மருந்தில் ஊறப்போட்டிருந்தோம். அவற்றை எடுத்துப் போர் தண்ணீரில் நீலமாக்கி, கடைசியில் மட்டும் கேன் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி உப்பைப் போக்கினோம். அந்தக் கடைசி முக்கு கஸ்தூரியின் யோசனை. உப்புப் பூக்கவும் இல்லை, நிறம் கெடவும் இல்லை. மறுபடி ரோஜாச் சாயம் ஏற்றிப் படம் எடுத்து, சாயங்காலம் திவ்யா மெஷினுக்குப் பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மத்தியானம் கஸ்தூரி கொண்டுவந்திருந்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பைப் பகிர்ந்து சாப்பிட்டோம். மெயிலில் நான் எழுதிய கருவாடு ஞாபகம் வந்து எனக்குப் புரையேறியது. அவர் என் தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்தார். “நல்லா துண்ணுங்க மேடம், ஊருக்குப் போனா கெடைக்காது” என்றார். கிடைக்கும், ஆனால் இந்தக் கைப்பக்குவம் கிடைக்காது. குழம்பு அப்படி ஒரு ருசி.

திரும்பும் ரயிலில் ரிப்போர்ட்டை எழுதப் பார்த்தேன். தவறுக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. “தண்ணீர் மாற்றப்பட்டது” என்று எழுதினேன். யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று அந்த வாக்கியத்தில் எதுவும் இல்லை. எவ்வளவு வசதியான வாக்கியம் பாருங்கள். தாம்பரம் வரும்வரை அதை அழிக்கவும் இல்லை, முடிக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மெஷின் பாடத்தை முடித்தது. திவ்யா அதே குடல் துண்டைத் திறந்து மவுஸை உருட்டினாள். நீலம். அடுத்த அடுக்கும் நீலம். பொட்டுப் பொட்டாக நீல உட்கருக்கள், சுற்றிலும் ரோஜா. ஒரு சுரப்பி கிளை பிரிந்து ஆழத்துக்குப் போவதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்த்தேன். ஆயிரக்கணக்கில் குடலைச் சீவியிருக்கிறேன், ஒரு சுரப்பியைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் திவ்யாவின் முதுகில் நான் கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டேன்.

நாலு மணிக்கு டாக்டர் லிம்முக்கு வீடியோ போட்டோம். அங்கே பொழுது சாய்ந்துவிட்டது, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். படத்தைப் பார்த்ததும் அவசரம் போய் நாற்காலியில் நன்றாக உட்கார்ந்தார். மேலே, கீழே, மறுபடி மேலே என்று பத்து நிமிஷம் உருட்டச் சொன்னார். “இதை நான் நம்பலாம்” என்றார். ஜெபராஜ் மேஜைக்குக் கீழே கைகளைக் கோத்துக்கொண்டார். பிறகு டாக்டர் லிம் கேட்டார், “தவறு எங்கே நடந்தது?”

“கழுவும் தண்ணீரில், டாக்டர்” என்று ஜெபராஜ் விளக்கினார்.

“யாரிடமும் சொல்லாமல் தண்ணீரை மாற்றினாரா? நாளைக்கு வேறு எதை மாற்றுவார்? அந்த ஆளை நம்பி நான் புற்று இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ரிப்போர்ட்டில் ஒரு நிபந்தனை எழுது. சாயம் போட வேறு ஆள். அப்படியானால் கையெழுத்துப் போடலாம்.”

ஜெபராஜ் கஸ்தூரியைப் பார்க்கவில்லை. அவருக்கு மாசக் கடைசி தெரியும், மைக்ராஸ்கோப் தெரியும். கஸ்தூரிக்கு ஆங்கிலம் புரியும். மெதுவாக நாற்காலியைத் தள்ளி எழுந்தார். இடுப்பில் அந்தப் போன் இருந்தது. அதை வெளியே எடுக்கவே இல்லை.

“கஸ்தூரி, உட்காருங்க” என்றேன். “டாக்டர், நான் ஒரு மெயில் வாசிக்கிறேன்.”

என்னுடைய மெயிலை நானே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வாசித்தேன். கருவாட்டுக்கு என்ன சொல்வது என்று ஒரு இடத்தில் தடுமாறினேன், திவ்யா எடுத்துக் கொடுத்தாள். குப்பையில் போடுவேன் என்பதுவரை ஒரு சொல் விடாமல் வாசித்தேன். “இதைப் படித்துவிட்டுத்தான் அவர் கேன் தண்ணீருக்கு மாறினார். மாற்றியது அவர் கை, மாற்ற வைத்தது நான். இரண்டு நாளாக இது எனக்குத் தெரியும், சொல்லாமல் இருந்தேன். ஆளை மாற்றுவதாக இருந்தால் என்னைத்தான் மாற்ற வேண்டும்.”

டாக்டர் லிம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கும் நீ இப்படி ஒன்று எழுதியிருக்கிறாய்” என்றார். அது வேறு கதை. “ஸ்லைடில் இருந்த தண்ணீரைக்கூட அந்த மெஷின் தப்பாமல் படித்திருக்கிறது. மெஷின் பேரில் எனக்குப் புகார் இல்லை. ஆளையும் மாற்ற வேண்டாம். சாயம் போடுகிறவர் தான் என்ன செய்தாலும் எழுதி வைக்க வேண்டும். உன் பங்குக்கு நீ என்ன செய்ய வேண்டும் என்று அவரையே கேட்டு எழுது. பிறகு கையெழுத்துப் போடு.” திரை அணைந்தது.

ஜெபராஜ் சட்டென்று எழுந்து ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கீழே பிள்ளைகள் பதினாலாம் வாய்ப்பாட்டில் இருந்தார்கள்.

நான் ரிப்போர்ட்டில் “தண்ணீர் மாற்றப்பட்டது” என்றிருந்ததை அடித்துவிட்டு, மாற்றியது யார், மாற்ற வைத்தது யார் என்று பெயரோடு எழுதினேன். பிறகு கஸ்தூரியிடம் கேட்டேன். “என் பங்குக்கு என்ன எழுதட்டும்?”

அவர் யோசித்தார். “இனிமே மெயில் வேணாம் மேடம். போன் பண்ணுங்க.”

“போன்லயும் நான் கத்துவேனே.”

“கத்துங்க. நானும் ஏன்னு திருப்பிக் கேப்பேன்.”

“கேளுங்க” என்றேன்.

“அதையும் எழுதுங்க.”

எழுதினேன். ஒரு எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று அவர் வாசித்துப் பார்த்து, தலையாட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.